பலா நிழல்

விடியவில்லை. பாயில் உட்கார்ந்திருக்கிறேன். மூக்கு நுனியில் குளிர்.

பதுளை தூங்குகிறது. ஆறு மட்டும் விழித்திருக்கிறது.

•

கச்சான் மாதம். மேற்கு மலைகளைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருகிறது.

ஜன்னல் சட்டம் ஒருமுறை அடித்து ஓய்கிறது. அடுத்த அடிக்குக் காது காத்திருக்கிறது. வரவில்லை.

•

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

நடுவில் ஒரு சிறு இடம். அங்கே எதுவும் இல்லை.

•

மடியில் ஓர் ஓவியப் புத்தகம். பஸ் நிலையத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை இல்லை. முன்பக்கங்களும் இல்லை. ஓவியனின் வாழ்க்கை நடுவிலிருந்து தொடங்குகிறது.

தொலைந்த பக்கங்களை வேறு இடங்களில் படித்து வருகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக.

•

ஜோஹன் ஸோஃபனி. 1733 மார்ச் 13. பிராங்க்ஃபர்ட் நகருக்குப் பக்கத்தில் பிறப்பு.

பிறந்தபோது பெயர் ஸவுஃபாலி. இலண்டன் நாக்குகளில் உருண்டு உருண்டு ஸோஃபனி ஆகிறது. அவரும் அதையே வைத்துக்கொள்கிறார்.

•

தாத்தாவின் பெயரும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் ஒன்று. ரேஷன் புத்தகத்தில் ஒன்று. கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது.

எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் தாத்தா திரும்பிப் பார்ப்பார்.

•

ஸோஃபனியின் அப்பா ஒரு சிற்றரசர் வீட்டில் மரவேலை செய்தவர். மேசை, அலமாரி, கதவு. ரேகன்ஸ்புர்க் என்ற ஊர். டான்யூப் ஆறு ஓடும் ஊர்.

இழைப்புளிச் சுருள்களின் வாசனையில் பையன் வளர்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். நினைப்புதான்.

•

1750. பதினேழு வயது. ரோம்.

அகஸ்தினோ மசூச்சி என்ற ஓவியரிடம் படிக்கிறான். சுற்றிலும் பளிங்கு. மூக்குடைந்த தேவர்கள், கையில்லாத தேவிகள்.

அந்தக் காலத்து ஐரோப்பா பழைய கிரேக்கத்தை, பழைய ரோமை மறுபடி பார்க்கத் தொடங்குகிறது. தெளிந்த கோடு. அடங்கிய முகம். பிற்காலம் அதற்கு நவசெவ்வியல் என்று பெயர் வைக்கிறது.

கல்லைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பிறகு அது மனிதர்களைப் பார்க்கப் போகிறது.

•

சேவல் கூவுகிறது. இன்னொன்று பதில் சொல்கிறது. மூன்றாவது தாமதமாக.

•

1760. இலண்டன். கையில் காசு இல்லை. ஸ்டீஃபன் ரிம்போ என்ற கடிகாரக்காரரிடம் வேலை. கடிகார முகப்புகளில் சின்னச் சின்னப் படங்கள் தீட்டுகிறார். மனிதர்கள் நேரம் பார்க்கிறார்கள். படத்தைப் பார்த்திருப்பார்களா, தெரியாது.

பிறகு பெஞ்சமின் வில்சன் என்ற ஓவியரிடம். வில்சனின் படங்களில் துணியின் மடிப்புகள், பின்புலங்கள். படத்தில் பெயர் வில்சனுடையது.

நாடக நடிகர் டேவிட் கேரிக் அந்தப் படங்களைப் பார்க்கிறார். இது வேறு கை, என்று கண்டுகொள்கிறார்.

•

வேறு கை.

இந்த இரண்டு சொற்களோடு கொஞ்ச நேரம் இருக்கிறேன்.

•

தூரத்துத் தோட்டத்தில் பெரட்டு, காலை ஆள்கணக்கு. இங்கிருந்து கேட்காது. கேட்பதுபோல் இருக்கிறது.

தாத்தா காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். இருட்டில் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். மண்ணெண்ணெய் விளக்குகள் நகரும். நிற்பார்கள். வரிசை எண்ணப்படும்.

•

சாயத்தண்ணி போடுகிறேன். டஸ்ட் தூள். சீனி இல்லை, நாக்கில் ஒரு சிறு துண்டுக் கருப்பட்டி.

ஆவி மேலே போகிறது. போகும் வழியிலேயே இல்லாமல் போகிறது.

•

புத்தகத்தில் ஒரு பக்கம். 1766 வாக்கில் தீட்டியது. வில்லோபி டி ப்ரோக் பிரபுவின் குடும்பம். காலை மேசை. வெள்ளிப் பாத்திரம் ஒன்று, பெரியது, வளைவெல்லாம் வெளிச்சம். கோப்பைகள்.

ஒரு சிறுவன் தட்டில் இருப்பதை எடுக்கக் கை நீட்டுகிறான். அப்பா ஒரு விரலை உயர்த்துகிறார்.

விரலும் கையும் இன்னும் சந்திக்கவில்லை.

•

அந்தக் கோப்பைகளில் இருப்பது சீனத்துத் தேயிலை.

1766-இல் இந்த மலையில் தேயிலை இல்லை. காடு. யானை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியில் அரசனாக இருக்கிறான். கரையோரத்தை ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுப்பது அந்த ஆண்டில்தான். இந்த மலைநாடு, ஊவா, அவனிடமே இருக்கிறது.

அன்று தமிழ்நாட்டு ஊரில் எங்கள் ஆட்கள் எதைப் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள்? கேள்வி வருகிறது. போகவிடுகிறேன்.

•

பிறகு கோப்பி. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் ஓர் இலையின் அடியில் காவி நிறப் பொடி. துரு நோய். சில ஆண்டுகளில் கோப்பி முடிகிறது.

1867-இலேயே கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டுவிட்டார். 1890-இல் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தனைத் தோட்டத்தை வாங்குகிறார்.

ஓர் இலை போகிறது. ஓர் இலை வருகிறது. கூடை மட்டும் மாறவில்லை.

•

வெளிச்சம். சுவரில் முதலில் ஒரு கோடு. பிறகு சுவர்.

•

ராணி சார்லட் 1761-இல் இங்கிலாந்துக்கு மணமகளாக வருகிறாள். ஜெர்மன் பெண். ஓவியரும் ஜெர்மன். இருவருக்கும் ஒரே தாய்மொழி, ஊர் மட்டும் வேறொருவருடையது.

1765 வாக்கில் அவளையும் இரண்டு மகன்களையும் வரைகிறார். ஒப்பனை அறை. ஒரு நாய். ஒரு கடிகாரம். பிள்ளைகள் வேஷம் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் ராணியின் பக்கவாட்டு முகம்.

அடுத்த அறையின் கண்ணாடியில் ஒரு பணிப்பெண். மிகச் சிறியதாக. நான்கு முறை பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தாள்.

•

பாட்டி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். பதினொரு ஆண்டுகள். பிறகு கொழுந்து பறிக்க வந்தாள்.

வேலையை விட்டு நெடுநாள் ஆன பிறகும் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சுவர் ஓரம் நிற்பாள். கைகள் முன்னால், ஒன்றின்மேல் ஒன்று. உட்காருங்கள் என்றால் சிரிப்பாள்.

•

நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகு நேராக இருக்கிறது. இடுப்பில் வலி. வலியைப் பார்க்கிறேன். அது கொஞ்சம் இடம் மாறுகிறது.

•

1769. அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஸோஃபனியை ராயல் அகாடமியில் சேர்க்கிறார். அகாடமி உறுப்பினர்களை ஒரே படத்தில் தீட்டுகிறார் அவர். மாதிரியாக இருக்கும் ஆடையற்ற ஆணைச் சுற்றி ஓவியர்கள்.

உறுப்பினர்களில் இரண்டு பெண்கள். ஆஞ்செலிகா காஃப்மன். மேரி மோசர். பெண்கள் அந்த அறைக்குள் இருக்கலாகாது. ஆகவே இருவரையும் சுவரில் மாட்டிய படங்களாகத் தீட்டுகிறார்.

உள்ளே இருக்கிறார்கள். உள்ளே இல்லை.

•

காகம். மின்கம்பி. காகம் போன பிறகும் கம்பி ஆடுகிறது.

•

1772. ராணி அவரை ஃப்ளோரன்ஸுக்கு அனுப்புகிறாள். அங்குள்ள கலைக்கூடத்தின் எண்கோண அறையை வரைந்து வரவேண்டும். அவள் போகமுடியாத அறை. செலவுக்கு 300 பவுன்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. படத்துக்குள் படங்கள். பளிங்குச் சிலைகள். வேறு இடத்து ஓவியங்களையும் கொண்டுவந்து அந்தச் சுவரில் மாட்டுகிறார். பார்க்க வந்த ஆங்கிலேயக் கனவான்களை அடையாளம் தெரியும்படி நிறுத்துகிறார். இடது பக்கம் தானும் எட்டிப் பார்க்கிறார், ரஃபேலின் மடோனாவைக் கையில் பிடித்தபடி.

ராணிக்குப் பிடிக்கவில்லை. அவள் கேட்டது அறை. வந்தது கூட்டம்.

•

எதைக் கேட்டோம். எது வந்தது.

தண்ணீர்க் குழாய் இருமுறை இருமுகிறது. பிறகு தண்ணீர்.

•

1776-இல் மரியா தெரேசா அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுக்கிறாள். பெயர் நீள்கிறது.

அந்த ஆண்டுகளில் தன்னையே ஒரு படம் வரைகிறார். ஒரு கையில் மண்டையோடு. பக்கத்தில் மணற்கடிகாரம். முகத்தில் சிரிப்பு.

எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்டுப் பார்க்கிறேன். படம் சிரித்துக்கொண்டேயிருக்கிறது.

•

ஒன்பது மணி. தார் ரோட்டில் வெயில் ஏறுகிறது. முச்சக்கர வண்டிகள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிகிறது. அதற்காக ஒரு வரிசை நிற்கிறது.

•

புனித மாற்கு தேவாலயத்து வாசல். 1857-இல் கட்டியது. மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

கல்லில் அவர் பெயர். தொடுகிறேன். கல் குளிர்கிறது.

யானைகளுக்குப் பெயர் இருந்ததா என்று ஒரு நினைவு. அதுவும் போகிறது.

•

மாலை வரை ஒன்றும் எழுதவில்லை. எழுதாத நேரமும் இந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே, இந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில்.

•

1783. ஐம்பது வயது. ஸோஃபனி கப்பல் ஏறுகிறார். இங்கிலாந்தில் படம் விற்பது குறைந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வங்காளத்தில் பணத்தோடு இருக்கிறார்கள்.

கப்பல் இந்தத் தீவுக்குக் கிழக்கே எங்கோ கடந்துபோயிருக்கும். தொடுவானில் ஒரு நீலக் கோடு தெரிந்திருக்கலாம். மேகமென்று நினைத்திருக்கலாம்.

•

கல்கத்தா. தலைமை நீதிபதி இம்பேயின் குடும்பம். சின்னப் பெண் இந்திய உடையில் ஆடுகிறாள். இந்திய வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள்.

படத்தில் சத்தம் இல்லை. விரல்களைப் பார்த்து மெட்டை ஊகிக்கிறேன்.

•

அடுத்த பக்கம். இந்தப் பக்கத்துக்காகத்தான் புத்தகத்தை வாங்கினேன்.

ஆரியோல் குடும்பமும் டாஷ்வுட் குடும்பமும். கல்கத்தாவில் ஒரு மரத்தடி. மேசையில் தேநீர். பெண்கள் வெளிர் உடுப்பில். ஆண்கள் நீலக் கோட்டில், சிவப்புக் கோட்டில். தலைப்பாகை கட்டிய பணியாட்கள்.

மரம் பலா.

•

லயத்துக் கோடியிலும் ஒரு பலா. அதன் அடியில்தான் கூடைகளை இறக்கிவைப்பார்கள். காய் காலத்தில் பிசின் நாற்றமும் இனிப்பும் சேர்ந்து வரும். மத்தியானச் சாப்பாடு அந்த நிழலில். ரொட்டி. சம்பல். போத்தலில் சாயத்தண்ணி.

அந்த மரத்தை யாரும் வரைந்ததில்லை.

•

மறுபடி படம். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அண்ணன், தம்பி, தங்கை, மைத்துனன். யார் யாருடைய மனைவி என்பதும் எழுதியிருக்கிறது.

நிற்கும் பணியாட்களுக்குப் பெயர் எழுதப்படவில்லை.

ஆனால் முகம் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு முகம். தாடையின் கோடு, இமையின் கனம். ஓவியர் அவசரப்படவில்லை. கோப்பைக்குக் கொடுத்த அதே கவனம். பட்டுக்குக் கொடுத்த அதே கவனம்.

•

அதே கவனம் என்று எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

கோப்பைக்கும் ஆளுக்கும் ஒரே கவனம். இது நல்லதா. இது குறையா.

இரண்டும் வருகின்றன. இரண்டையும் உட்காரவிடுகிறேன்.

•

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று பெயர். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்.

பாட்டி சாயங்காலம் வந்ததும் அம்மா கேட்பாள். இன்றைக்கு முழுப்பேரா?

தன் பெயரைச் சொல்லிப் பாட்டி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. பேர் போட்டார்களா என்றுதான் கேட்பாள்.

•

1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம். தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோர் எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லாமல் போகிறார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து தலைகளைப் பிரித்துக்கொள்கின்றன. ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் அங்கே. மூன்று லட்சம் இங்கே.

அப்போதும் கொழுந்து வளர்கிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை அதே மலை.

•

இருட்டுகிறது. நமுனுகுலையின் உச்சி மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சமாக இருக்கிறது. பிறகு அதுவும் மலை.

•

லக்னோ. நவாப் ஆசஃப் உத் தௌலாவின் ஊர். சேவல் சண்டைப் படம். நவாப், கர்னல் மார்டான்ட், சூழ்ந்து நிற்கும் கூட்டம். தலைகளை எண்ணத் தொடங்குகிறேன். நடுவில் எண்ணிக்கை தவறுகிறது. மறுபடி எண்ணவில்லை.

1786-இல் இன்னொன்று. கர்னல் போலியே வீட்டில் நண்பர்கள். ஒருவர் தன் வீட்டின் படத்தைக் காட்டுகிறார். தோட்டத்து ஆட்கள் காய்கனி கொண்டுவந்து நிற்கிறார்கள். ஒரு குரங்கு. பின்னால், ஓவியத் தாங்கியின் முன் ஸோஃபனி. கையில் தூரிகை.

அந்த அறையில் ஓவியர் தன்னையும் வேலை செய்பவராகத்தான் வரைந்திருக்கிறார்.

•

மேசையில் ஒரு பூச்சி. விளக்கைச் சுற்றுகிறது. விளக்கை அணைக்கிறேன். பூச்சியின் சத்தம் கொஞ்ச நேரம் இருக்கிறது.

இருட்டிலும் படம் தெரிகிறது. வெள்ளிப் பாத்திரம் இல்லை. பட்டு இல்லை. நிற்பவனின் இமை மட்டும்.

•

அடுத்த விடியல். மூடுபனி. எதிர்வீடு இல்லை. அதன் நாய் குரைப்பது மட்டும் இருக்கிறது.

•

1787. கல்கத்தாவில் புனித ஜான் தேவாலயம் திறக்கிறது. அதற்கு ஸோஃபனி தீட்டிக் கொடுத்தது இறுதி இராவுணவு.

சீடர்களுக்கு ஊர்க்காரர்களின் முகங்கள். யூதாசுக்கு டல்லோ என்ற ஏலக்காரரின் முகம். அவருக்குக் கோபம். யோவானுக்கு பிளாக்கியர் என்ற நீதவானின் முகம். அவருக்குக் கோபம் வந்ததாகச் செய்தி இல்லை.

•

அந்தப் படத்தில் மனிதர்களை விட்டுவிட்டுப் பொருள்களைப் பார்க்கிறேன்.

ஆணியில் தொங்கும் ஒரு வாள். கல்கத்தாவில் சேவகர்கள் இடுப்பில் கட்டுவது. தரையில் ஒரு பாத்திரம். வங்காளத்து எச்சில் படிக்கத்தின் வடிவம். அதன் பக்கத்தில் ஒரு தோல்பை. பிஸ்தி என்ற தண்ணீர்க்காரன் முதுகில் சுமப்பது.

பை நிரம்பியிருக்கிறது. சுமந்துவந்தவன் படத்தில் இல்லை.

•

லயத்தில், அத்தை வீட்டு இஸ்தோப்புச் சுவரில் பாட்டியின் கூடை தொங்குகிறது. போன ஞாயிறு பார்த்தேன். பிரம்பு கறுத்திருக்கிறது. நெற்றிப் பட்டை படும் கயிறு வழுவழுப்பாக இருக்கிறது.

அத்தை அதற்குள் வெங்காயம் போட்டுவைத்திருக்கிறாள்.

•

கயிற்றை என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். வெங்காயத்தின் பாரம்தான். கழுத்து தானாக முன்னால் போனது.

உடல் எங்கிருந்தோ தெரிந்துவைத்திருக்கிறது.

•

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

•

1789. திரும்பும் பயணம். அந்தமான் அருகே கப்பல் உடைந்ததென்றும், பசியில் சீட்டுக் குலுக்கி ஓர் இளம் மாலுமியைத் தின்றார்களென்றும் ஒரு கதை. ஆதாரம் கிடையாது. கதை மட்டும் அவரோடு கரையேறிவிட்டது.

கதையிலும் மாலுமிக்குப் பெயர் இல்லை.

•

இலண்டனில் டவுன்லி என்பவரின் புத்தக அறை. இந்தியா போவதற்கு முன் ஸோஃபனி வரைந்த படம். வீடு முழுக்கப் பரவியிருந்த பளிங்குச் சிலைகளை ஒரே அறைக்குள் கூட்டியிருக்கிறார். 1798-இல் மறுபடி அந்தப் படத்தைத் தொடுகிறார். புதிதாகக் கிடைத்த ஒரு சிலைக்கு இடம் வேண்டும். வட்டெறிபவன்.

பதினைந்து ஆண்டுக்குப் பிறகு முன்மூலையில் இடம் கிடைக்கிறது.

முடிந்த படத்திலும் இடம் இருக்கிறது.

•

1800 வாக்கில் தூரிகை ஓய்கிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு வீடு. ஸ்ட்ராண்ட் ஆன் த கிரீன். கண்ணெதிரே தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது.

அந்தப் பத்து ஆண்டுகளுக்குப் படம் இல்லை. அவற்றைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

•

பதுளை ஓயாவில் இன்று தண்ணீர் குறைவு. கற்கள் வெளியே தெரிகின்றன. ஒருத்தி கல்லில் துணி அடிக்கிறாள். அடி முதலில் கண்ணுக்கு வருகிறது. பிறகு காதுக்கு.

•

1810 நவம்பர் 11. ஸோஃபனி இறக்கிறார். கியூவில் புனித ஆன் தேவாலயத்து முற்றத்தில் அடக்கம். கெய்ன்ஸ்பரோவும் அங்கேயே.

பக்கத்தில் கியூ தாவரத் தோட்டம். அங்கிருந்துதான் சிங்கோனாக் கன்றுகள் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தன. 1861-இல் அவற்றுக்காக ஹக்கல தோட்டத்தைத் திறந்தார்கள். ஊவாவுக்குப் போகும் ரோட்டில் இன்றும் இருக்கிறது.

சிங்கோனாப் பட்டை கசக்கும். பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்காரர் கொடுத்த தண்ணீரும் கசந்ததாம். அதைச் சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பாள்.

•

பிற்பகல். ஸ்டேஷன். பாதை இங்கே முடிகிறது. 1924-இல் முதல் ரயில் வந்தது. அதற்கு மேல் போக வழி வைக்கவில்லை.

எஞ்சின் முன்னால் இருந்து பின்னால் போகிறது. கடைசிப் பெட்டி முதற்பெட்டி ஆகிறது.

தண்டவாளத்தின் முடிவில் புல்.

•

ஹாலிஎல ரோட்டில் ஒரு லொறி. தேயிலைப் பொதிகள். வண்டி கடந்த பிறகு மணம். கச்சான் மாதத்து மணம், மூக்கின் உள்ளே குளிர்ச்சியாக ஒன்று. எண்ணெய் தேய்த்ததுபோல.

இந்த மணம் கொழும்பில் ஏலத்துக்குப் போகிறது. லயத்துக்குப் போவது வேறு தூள்.

மூச்சை இழுக்கிறேன். கொஞ்சம் எனக்கும் கிடைக்கிறது.

•

ஞாயிறு. லயம். பலா மரத்தடியில் நாற்காலி போடுகிறார்கள். எனக்காக. நான் டவுனிலிருந்து வந்தவன்.

உட்காருகிறேன். அத்தை சாயத்தண்ணி கொண்டுவருகிறாள். கொடுத்துவிட்டு நிற்கிறாள். கைகள் முன்னால். ஒன்றின்மேல் ஒன்று.

•

கோப்பை சூடாக இருக்கிறது.

இலை ஒன்று விழுகிறது. பெரியது, மஞ்சள். மேசை இல்லை. தரையில்தான் விழுகிறது.

•

எழுந்து நாற்காலியை அத்தை பக்கம் நகர்த்துகிறேன். அவள் சிரிக்கிறாள். உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

நாற்காலி நடுவில் இருக்கிறது. நிழல் அதன்மேல் நகர்கிறது.

•

இரவு. அறை. புத்தகம் மூடியிருக்கிறது. அட்டை இல்லாததால் மூடினாலும் ஒரு படம் தெரிகிறது. தெரிவது பாதிப் படம்.

•

ஜன்னல் சட்டம் ஒருமுறை அடிக்கிறது.

•

2010-இல் கல்கத்தா தேவாலயத்துப் படத்தைச் சுத்தம் செய்து பழுது நீக்கினார்கள். இப்போதும் அங்கேயே மாட்டியிருக்கிறது. தண்ணீர்த் தோல்பை தரையில் கிடக்கிறது. நிரம்பியிருக்கிறது.